ஆறு நாளைக்கு ஒரு பள்ளம்

ஊர்க் காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளப்பதற்காக இருபத்தாறு வருஷம் சம்பளம் வாங்கிய மனிதர், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு டப்பா பச்சைப் பெயிண்டும் ஒரு பாட்டில் தின்னரும் கொண்டுபோய் அதைத் தன் கையாலேயே கெடுத்தார்.

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அஞ்சலகத்து மொட்டை மாடியில், அளவுக் கருவிகள் இருக்கும் தகரக் கூண்டைச் சுற்றி ஓடும் கைப்பிடிக் கம்பி துருவேறிக் கிடந்தது. ஓய்வு பெற இன்னும் நாலு மாதம். போகிற காலத்தில் பளிச்சென்று வைத்துவிட்டுப் போனோம் என்று நாலு பேர் சொல்லட்டுமே என்ற நப்பாசைதான்.

அவரை எல்லாரும் குண்டுக்காரர் என்பார்கள். உடம்பைப் பார்த்து வைத்த பெயர் அல்ல. உடம்பு ஒட்டடைக் கம்பு. பூசணிக்காய் அளவில் ஒரு எவர்சில்வர் குண்டைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? அந்தக் குண்டுக்குள் ஒன்றும் இருக்காது. ஒன்றும் என்றால் காற்றுகூட இருக்காது. ஆய்வகத்தில் உறிஞ்சிக் காலியாக்கித்தான் கொடுப்பார்கள். மாடியில் மாட்டிவிட்டால், குறித்த நாளில் கடிகாரப் பெட்டி குண்டின் வாய்த் திருகைத் தானே திறக்கும். குண்டு இருபத்துநாலு மணி நேரம் ஊர்க் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வைத்துக்கொள்ளும். குண்டுக்காரர் ஆறு நாளைக்கு ஒருமுறை வந்து, நிரம்பியதைக் கழற்றி, காலியானதை மாட்டி, கசிவு இருக்கிறதா என்று சோதித்துவிட்டு இறங்குவார். அதற்கே பகல் போய்விடும்.

“உள்ள என்ன?” என்று கேட்ட கண்டக்டர்கள் எத்தனையோ பேர்.

“போறப்ப ஒண்ணுமில்ல. வர்றப்ப காத்து.”

“அப்ப ரெண்டுக்கும் சேத்து லக்கேஜ் டிக்கெட் எடுங்க.”

ஒன்றுமில்லாததற்கு டிக்கெட் எடுத்துப் பயணம் செய்த ஒரே அரசாங்க ஊழியர் தாம்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஏன் ஆறு நாள்? ஏழு என்று வைத்தால் எப்போதும் ஒரே கிழமையின் காற்றுதான் மாட்டும். ஆறு என்றால் கிழமை நகர்ந்துகொண்டே வரும், திங்களுக்கும் ஞாயிறுக்கும் ஒரே நியாயம். அதனால் அவருடைய வாழ்க்கைக்கே வாரத்தில் ஆறு நாள். மகள் பிறந்தது என்றைக்கு என்று கேட்டால் “குண்டு மாத்தினதுக்கு மறுநாள்” என்பார்.

மாடியில் அவர் போட்ட சட்டங்கள் கொஞ்சமல்ல. கொசுவர்த்தி கூடாது. மார்க்கர் பேனா கூடாது. தலையில் வாசனை எண்ணெய் தடவி வந்ததற்காக ஒரு தபால்காரரைப் படியிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார். அப்படிப்பட்டவர் பெயிண்ட் அடித்தது எப்படி என்றால், பழக்கதோஷம். குண்டைக் கழற்றிய கையோடு அடித்தால் அடுத்த குண்டு திறக்குமுன் ஐந்து நாளில் காய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். ஆனால் அரை மணிக்கு ஒருமுறை காற்றை அளக்கும் மெஷின் ஒன்றைப் பதினைந்து நாள் முன்புதான் கூண்டுக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அப்படி ஒரு மெஷின் அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இருந்தது. நாலு வருஷம் ஓடிப் படுத்துவிட்டது. அதன்பின் இருபது வருஷத்துக்கும் மேலாக மாடியில் குண்டு மட்டும்தான். புது மெஷினைச் சுத்தமாக மறந்துபோனார். அது அவரை மறக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு மனைவி சாப்பாட்டு டப்பாவோடு படியேறி வந்தாள். அனல் காற்று வீசிக்கொண்டிருந்தது.

“இங்கயே உக்காருவோம், நிழலா இருக்கு” என்று சொல்லிக்கொண்டே கைப்பிடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள்.

“ஏய், எந்திரி எந்திரி. பெயிண்ட் ஈரம்.”

அவள் எழுந்து பின்பக்கம் தடவிப் பார்த்தாள். உள்ளங்கை பச்சை. “முன்னாடியே சொல்றதுக்கு என்ன?”

“இதைச் சொல்லணுமா? கீழ முத்திரை குத்துறவர் மூக்கைப் பொத்திக்கிட்டு மேல வந்து பாத்துட்டுப் போறாரு. தெரு முழுக்க நாறுது. உனக்கு வாடை அடிக்கலையா?”

“ஜலதோஷம்.”

“எப்ப இருந்து?”

“முட்டை ஆறுது. சாப்பிடுங்க.”

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னதில்லை. மழை வருமா என்று கேட்டால் கொடியில் துணி கிடக்கிறது என்பாள். கோபமா என்று கேட்டால் கதவைச் சாத்துங்கள் என்பாள். அவரும் பழகிவிட்டார். அன்றைக்கு மட்டும் அந்த ஜலதோஷம் தொண்டையில் முட்டை மாதிரி நின்றது. மூக்கு ஒழுகவில்லை, தும்மல் இல்லை, குரலில் கம்மல் இல்லை.

போன் அடித்தது. ஆய்வகத் தலைவி. அவரைவிடப் பதினைந்து வயது இளையவர், ‘அண்ணே’ என்று கூப்பிடும் அதிகாரி.

“அண்ணே, மாடியிலதான் இருக்கீங்களா? பக்கத்துல எங்கயாவது புகை தெரியுதா? பெயிண்ட் கிடங்கு எதுவும் எரியுதா?”

“இல்லையே மேடம்.”

“மெஷின் அலறுது அண்ணே. பத்து மணியில இருந்து எண்ணு கூரையைப் பிச்சுக்கிட்டுப் போகுது. தீயணைப்புக்குச் சொல்லிட்டேன்.”

குண்டுக்காரர் கையிலிருந்த தூரிகையைப் பார்த்தார். “தீயணைப்ப வேணாம்னு சொல்லிடுங்க மேடம். கிடங்கு என் கையிலதான் இருக்கு.”

மறுமுனையில் தீயணைப்பு வண்டியைத் திருப்பச் சொல்லும் சத்தம். பிறகு, “வியாழக்கிழமை வந்து என்னைப் பாருங்க” என்று மட்டும் கேட்டது.

*

அன்று சாயங்காலம் அவர் ஒரு குறும்பு செய்தார். கல்யாணம் ஆனதிலிருந்து வருஷத்துக்கு ஒன்றாக, கல்யாண நாளன்று அவளுக்கு ஒரு சென்ட் பாட்டில் வாங்கிக் கொடுப்பது அவர் வழக்கம். குண்டு நாளில் பூசக்கூடாது என்று நிபந்தனையும் கூடவே. அலமாரியில் இருபத்திரண்டு பாட்டில்கள் வரிசையாக நின்றன, எல்லாம் கழுத்து வரை நிரம்பி. அதில் ஒன்றைக் கொட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினார்.

“புதுசா வந்திருக்காம். பாரு.”

அவள் மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டு, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, நிதானமாக இழுத்தாள்.

“நல்லா இருக்கு. போன வருஷத்ததவிட இது தேவல.”

அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டுபோய் அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தார்.

மறுநாள் டாக்டர் அவள் மூக்குக்கு நேராக ஏழெட்டுச் சின்னப் புட்டிகளைக் காட்டினார். ஒன்றும் தெரியவில்லை.

“முன்னாடி என்னம்மா வேலை பாத்தீங்க?”

“செருப்புப் பட்டறை. அடித்தோலுக்குப் பசை போடுற வேலை. கல்யாணத்துக்கு முன்னாடி மூணு நாலு வருஷம்.”

“அதனாலதானா டாக்டர்?” என்றார் குண்டுக்காரர்.

“அதுவா இருக்கலாம். எப்பவோ வந்த காய்ச்சலா இருக்கலாம். வயசா இருக்கலாம். இன்னதுதான்னு சொல்ல முடியாது.”

“எப்ப போச்சுன்னாவது?”

“அத அவங்கதான் சொல்லணும்.”

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தாள். “பஸ் போயிடப் போகுது” என்றாள்.

பஸ்ஸில் அவர் தன்னைத்தானே விசாரித்துக்கொண்டு வந்தார். ஊர் முழுக்கக் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது உன் உத்தியோகம். அந்தப் பட்டறை அஞ்சலகத்தை ஒட்டி, உன் மாடிக்கு நேர் கீழே, திறந்த கொட்டகை. அங்கேதான் அவளைப் பார்த்தாய். குண்டைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினாயே தவிர, அந்தப் பசை நாற்றத்தில் பன்னிரண்டு பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறார்களே என்று ஒரு வார்த்தை கேட்டாயா? சிரிக்க வைத்தாயாம், அதில் அவள் மயங்கினாளாம். கெட்டிக்காரன்தான்.

*

வியாழக்கிழமை ஆய்வகத் தலைவி அவரை அறைக்குள் கூப்பிடவில்லை. நீண்ட நடையில் நிறுத்தினார்.

“திட்டப் போறதில்ல அண்ணே.”

“திட்டிடுங்க மேடம். நாலு மாசம்தான் இருக்கு. அப்புறம் திட்டணும்னு நெனச்சாலும் ஆள் கிடைக்க மாட்டேன்.”

“முதல்ல இதைப் பாருங்க.”

நடையின் சுவர் நெடுக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, காகிதம் ஒட்டியிருந்தது. முழுக்கப் புள்ளிகள்.

“இருபத்தாறு வருஷ அறிக்கைக்குப் போட்டது. ஒவ்வொரு புள்ளியும் நீங்க தூக்கிட்டு வந்த ஒரு குண்டு.”

குண்டைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதோடு அவர் வேலை முடிந்துவிடும். உள்ளே என்ன இருந்தது என்று யாரும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. இப்போது ஆயிரத்தைந்நூறுக்கு மேல் புள்ளிகள் சுவரில் நின்று அவரைப் பார்த்தன.

“இது பென்சீன். பெட்ரோல்ல இருந்து வர்றது. ரத்தத்தையே கெடுக்கும். நடந்து பாருங்க.”

நடந்தார். முதல் வருஷத்துப் புள்ளிகள் அவர் கையை உயர்த்தினாலும் எட்டாத உயரத்தில் இருந்தன. ஐந்தடி நடந்ததும் நெற்றிக்கு வந்தன. பத்தடியில் மார்புக்கு. நடையின் கடைசியில் முழங்காலுக்குக் கீழே கிடந்தன. வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற தடம் பார்ப்பதுபோல் அவர் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே அத்தனை ஆழத்தில் நின்றுகொண்டா பஸ்ஸுக்குக் காத்திருந்தோம், டீ குடித்தோம், பெண் பார்த்தோம்?

“யாரு மேடம் இதை இறக்கினது?”

“ஒரு ஆள் இல்ல. பெட்ரோல்ல பென்சீனைக் குறைச்சாங்க. வண்டியில புகையைச் சுத்தம் பண்ற பெட்டி வச்சாங்க. பங்க்ல ஆவி வெளிய போகாம குழாய்லயே திரும்ப இழுக்க வச்சாங்க. பழைய வண்டியெல்லாம் ஒண்ணொண்ணா காயலாங்கடைக்குப் போச்சு.”

“யாருக்கும் தெரியலையே.”

“ஒரு நாளைக்கு ஒரு நூலளவு இறங்கினா யாருக்குத் தெரியும்? உங்க குண்டுக்குத் தெரிஞ்சிருக்கு.”

அவருக்குக் கண்ணைக் கரித்தது. பெயிண்ட் வாடை இன்னும் கையில் இருக்கிறது போல என்று சொல்லிச் சமாளித்தார்.

கீழே சிவப்பில் இன்னொரு வரிசை இருந்தது. அது இறங்கவில்லை. பென்சீன் தாழத் தாழ இது மெல்ல மேலே வந்து, ஓர் இடத்தில் அதைக் கடந்தும் போயிருந்தது.

“இது?”

“இது ரோட்டுல இருந்து வரல, வீட்டுல இருந்து வருது. தரை துடைக்கிற மருந்து, கையில தடவுற திரவம், சென்ட், பெயிண்ட். வண்டி திருந்திடுச்சு, நாம இன்னும் திருந்தல.”

“நான்னு சொல்லுங்க.”

“அதான், கடைசியா தனியா நிக்குதே ஒரு புள்ளி, மின்விசிறிகிட்ட. அது செவ்வாய்க்கிழமை மெஷின் காட்டினது. அது நீங்க.”

அண்ணாந்து பார்த்தார். பச்சை மையில், விட்டத்தை ஒட்டித் தன்னந்தனியாக இருந்தது. இருபத்தாறு வருஷம் கழித்து ஊர் எட்டிய மிக உயர்ந்த இடத்தில் தம்மைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

தலைவி இன்னொரு தாளை நடையோரத்து மேஜையில் விரித்தார். “இது பழைய மெஷினோட கணக்கு. அரை மணிவாரியா. ஒரு நாளைப் பாருங்க. காலையில வண்டி கிளம்பினா ஒரு மேடு. சாயங்காலம் திரும்பி வந்தா ஒரு மேடு. நடுப்பகல்ல வெயில் இதையெல்லாம் அரிச்சுத் தின்னுடும், காத்தும் மேல விரியும், அதனால ஒரு பள்ளம். வெயில் நாள்ல மரங்கூட ஆவி விடுது, அது இந்தச் சின்னக் கோடு. மறுநாளும் இப்படியே. அதுக்கு மறுநாளும்.”

அவர் விரலை ஓட்டிப் பார்த்தார். மேடு, பள்ளம், மேடு. தூங்குகிற பிள்ளையின் வயிறு ஏறி இறங்குகிற மாதிரி ஒரு ஊரே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் மெதுவாக. பஸ் ஓடாத ஒரு நாள் தட்டையாக. இத்தனை லட்சம் பேர் ஒருவரையொருவர் அறியாமல் சேர்ந்து விட்ட மூச்சு.

“இப்ப இதைப் பாருங்க” என்றார் தலைவி. குரல் மாறியிருந்தது. “இது டொலுயீன். உங்க மாடிக்குக் கீழ இருந்த பசைப் பட்டறையில இருந்து வர்றது. காலையில ஏறினா சாயங்காலம் வரைக்கும் இறங்காது. ஆனா ஆறு நாளைக்கு ஒரு தடவை, பன்னிரண்டரைக்கு, கத்தியால வெட்டின மாதிரி ஒரு பள்ளம். அரை மணி நேரம். அப்புறம் பழையபடி. மூணு வருஷம் இப்படியே. எனக்கு முன்னாடி இருந்தவர் ஓரத்துல எழுதி வச்சிருக்காரு, ‘காரணம் தெரியவில்லை’ன்னு.”

“நமக்கும் தெரியலன்னு எழுதிடுங்களேன்.”

“ஆலை ஏழு நாள் கணக்குல ஓடும். சம்பளம் மாசக் கணக்கு. ஆறு நாள் கணக்குல இந்த ஊர்ல வாழ்ந்தது ஒரே ஒரு ஆள்தான்.”

அவர் தாளிலிருந்து விரலை எடுத்தார்.

“நீங்க மாடி ஏறின நாள் அத்தனையும் சரியாப் பொருந்துது. நேராக் கேக்கறேன், தப்பா நெனக்காதீங்க. அளக்கிற ஆள் வர்றாரு, மூடி வையுங்கன்னு பட்டறைக்காரங்களுக்கு நீங்க தகவல் கொடுத்தீங்களா?”

“மேடம்.”

“செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடின்னா கேட்டிருக்கவே மாட்டேன். பெயிண்ட் அடிச்ச பிறகு மேலிடத்துல எல்லாத்தையும் கிளர்றாங்க. காரணம் தெரியலன்னா அந்த மூணு வருஷத்தையும் அறிக்கையில இருந்து எடுத்துடணும். ஏன் எடுத்தோம்னு உங்க பேருக்கு நேரா எழுதணும்.”

“அந்த முதலாளி முகம்கூட எனக்குத் தெரியாது மேடம். பன்னிரண்டரைக்கு நான் செஞ்சது ஒரே வேலைதான். சாப்பிட்டேன். ரொட்டி, முட்டை, வெங்காயம்.”

“வெங்காயத்துக்கு டொலுயீன் இறங்காது அண்ணே. எனக்கு ஒரு வரி போதும். உண்மையான ஒரு வரி. நாளைக்குக் காலையில கொண்டு வாங்க.”

அவர் அந்தத் தாளின் கடைசிப் பள்ளத்துக்குக் கீழே இருந்த தேதியைப் பார்த்தார். கல்யாணத்துக்கு லீவு போடுமுன் கடைசியாக மாடி ஏறிய நாள். அதற்கடுத்த குண்டு நாளில் அவர் ஏறியிருக்கிறார், பள்ளம் இல்லை. அப்போது அவள் பட்டறையை விட்டு நின்றுவிட்டிருந்தாள்.

“இந்தத் தாளை நான் எடுத்துட்டுப் போகலாமா?” என்றார்.

*

வீட்டில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பெயிண்ட் பட்ட சேலையை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் தாளை அவள் முன்னால் தரையில் விரித்து, காற்றில் பறக்காமல் நாலு மூலைக்கும் நாலு சென்ட் பாட்டில் வைத்தார்.

“இது என்ன, பல்லு வரிசையா?”

“உங்க பட்டறைப் பசை வாடை. மேல மெஷின் வரைஞ்சது.”

“வாடையைக்கூட வரையுமா?”

“எல்லாத்தையும் வரைஞ்சிருக்கு. நீங்க பசை டிரம்மைத் திறந்தது, சாயங்காலம் வேலைய முடிச்சது, எல்லாம். இந்த வெட்டுத் தெரியுதா? நான் மேல சாப்பிட உக்காந்த நேரம். அந்த நேரம் பாத்துக் கீழ யாரோ டிரம்மை மூடியிருக்காங்க. மூணு வருஷம். அது யாரு?”

“தேய்க்கத் தேய்க்கக் கறை பரவுதுங்க.”

“இந்தா, இன்னிக்கு மட்டும் என்கிட்ட விளையாடாத. நான் காசு வாங்கிட்டுத் தகவல் சொன்னேன்னு எழுதப் போறாங்க. இருபத்தாறு வருஷத்துல மூணு வருஷத்தை வெட்டிக் கடாசப் போறாங்க. நாளைக்குக் காலையில நான் ஒரு வரி சொல்லணும்.”

அவள் சேலையைக் கீழே வைத்தாள். பசையில் ஊறி ஊறித் தடித்துப்போன கட்டைவிரலால் பள்ளங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். தொடுகிறபோது உதடு அசைந்தது. ஓர் இடத்தில் விரல் நின்றது.

“இங்க ஒண்ணு குறையுது.”

“ஆமா. அன்னிக்கும் நான் மேல இருந்தேன். ஆனா பள்ளம் இல்ல.”

“அன்னிக்கு நீங்க எட்டிப் பாத்து ‘பசையம்மா, ஒட்டிக்கவா’ன்னு கத்தினீங்க. பன்னிரண்டு பேரும் சிரிச்சாங்க.” அவள் விரலை எடுக்கவில்லை. “கோவத்துல மூடல.”

அவருக்குக் காது மடல் சுட்டது. அந்த ஜோக்கினால்தான் காரியம் கைகூடியது என்று இருபத்திரண்டு வருஷமாக நண்பர்களிடம் சொல்லிவந்தவர் அவர்.

“மேஸ்திரி சொல்லி மூடினியா?”

“மேஸ்திரியா? மூடினா பசை இறுகி மூடி ஒட்டிக்கும். திரும்பத் திறக்க நெம்புகோல் வேணும். அதுக்கு அந்தாளு பேசின பேச்சு எனக்குத்தான் தெரியும். என் சாப்பாட்டு நேரத்துல பாதி மூடுறதுக்கும் நெம்புறதுக்கும் போயிடும்.”

“பின்ன எதுக்கு மூடின? நாத்தம் தாங்கலையா?”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். துணியைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறாள் என்று அவர் நினைத்தார். அவள் திரும்பி அவரை நேராகப் பார்த்தாள்.

“சேந்த ஏழாம் மாசமே எனக்கு வாசம் போயிடுச்சு. பசை, சோறு, சோப்பு, எதுவும் தெரியாது. நீங்க கொடுத்த சென்ட்டு ஒண்ணுகூட எனக்குத் தெரியாது, உங்க மூஞ்சியப் பாத்துத்தான் நல்லா இருக்குன்னு சொன்னேன். யாரும் சொல்லி நான் மூடல. ஒருநாள் தலை நிமிந்து பாத்தேன். மேல ஒருத்தர் துண்டால மூக்கைக் கட்டிக்கிட்டு, வாய்க்கு வாய் துண்டை விலக்கி, மூச்சை அடக்கி அடக்கிச் சாப்பிட்டுட்டு இருந்தாரு. அப்பதான் எங்ககிட்ட இருந்து அவ்வளவு நாத்தம் மேல போகுதுன்னே எனக்குத் தெரிஞ்சது. அந்த மனுசன் ஒரு வேளையாவது நிம்மதியா மூச்சு விட்டுச் சாப்பிடட்டும்னு மூடினேன். எழுதிக்கங்க.”